ஜோடி.ஆர்க் என்றொரு சைட்: இது என்ன? இதுமாதிரி வேறு எங்கே கிடைக்கும்?

தூங்காநகரன்:
வயது 23, 1990களின் இணையத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. நேற்று ராத்திரி ஒரு பழைய லிங்க் பட்டியலில் 'ஜோடி.ஆர்க்' என்று இருந்தது. சத்தியமாக ஏதோ வரன் தேடும் சைட் என்றுதான் கிளிக் செய்தேன். கறுப்புத் திரை முழுக்கப் பச்சை எழுத்து, அதுவும் எழுத்தில்லை, புள்ளி, கோடு, எண், முக்காற்புள்ளி என்று தாறுமாறாகக் கொட்டிக் கிடக்கிறது, போதாததற்கு மினுக்குகிறது. ஆபீஸ் லேப்டாப் வேறு, வைரஸ் ஏறிவிட்டது என்று பயந்து பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டேன். அப்புறம் விசாரித்தால் அது 1995இல் செய்த கலைப்படைப்பாம்! இது என்ன கலை? இந்த மாதிரி கோக்குமாக்கான இடங்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்ததாமே, கூகுளில் தேடினால் 'டாப் 10 விசித்திர வெப்சைட்' என்று ஒரே பத்தைத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். உண்மையில் எங்கே போய்த் தேடுவது?

மோடம்மாமி:
தம்பி, அணைத்ததுதான் தப்பு. திரும்பப் போய் அந்தப் பக்கத்தில் கண்ட்ரோல் யூ அழுத்திப் பார். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மூல நிரல் திறக்கும். அதில் ஒரு வெடிகுண்டின் வரைபடம் இருக்கும், அதே புள்ளியும் கோடும் வைத்து வரைந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் நீ எத்தனை இடைவெளி விட்டாலும் பிரவுசர் அதை ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும், வரி உடைப்பையும் மதிக்காது. 'இதை அப்படியே காட்டு' என்று சொல்ல ஒரு தனிக் குறி உண்டு. அது இல்லாமல் படத்தைப் போட்டால் வரிகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வாசலில் போட்ட கோலத்தை விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியது மாதிரி ஆகிவிடும். நீ பார்த்தது கூட்டித் தள்ளிய குவியல். கோலம் பின்னால் இருக்கிறது.

செய்தவர்கள் ஜோன் ஹேம்ஸ்கெர்க், டிர்க் பாஸ்மான்ஸ் என்ற இரண்டு பேர். இருவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஜோடி. நம் ஊர் ஜோடி இல்லை என்றாலும் ஆளும் இரண்டு பேர் என்பதால் பொருத்தம்தான், போ.

இது பிடித்தால் ஒல்யா லியாலினாவின் 'மை பாய்ஃபிரண்ட் கேம் பேக் ஃப்ரம் த வார்' பார். 1996, மாஸ்கோ. போரிலிருந்து திரும்பியவனும் அவன் காதலியும் பேசுகிறார்கள், ஆனால் பேச்சு ஒட்டவில்லை. நீ ஒவ்வொரு முறை கிளிக் செய்யும்போதும் கட்டம் இரண்டாகப் பிளக்கும், அப்புறம் நாலாக, கடைசியில் திரையே கறுப்புச் சதுரங்களாக நிற்கும். பிரவுசரின் ஃப்ரேம் வசதியை வைத்துக்கொண்டு ஒரு மனஸ்தாபத்தைச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். நான் இன்றைக்கும் அதை ஒருமுறைக்கு மேல் பார்ப்பதில்லை.

பேட்டைவாசி:
மாமி கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார், நான் தெருவுக்குக் கூட்டிப் போகிறேன். ஜியோசிட்டீஸ்.

1994இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக வீடு கட்டலாம், அதாவது தன் சொந்த வலைப்பக்கம் போடலாம், ஆனால் பேட்டை பார்த்துத்தான் குடியேற வேண்டும். பறக்கும் தட்டு, அறிவியல் புனைவு என்றால் ஏரியா 51, அனிமே என்றால் டோக்கியோ, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு வெஸ்ட் ஹாலிவுட். ஊரில் வாய் திறக்க முடியாத ஆள்கூட வெஸ்ட் ஹாலிவுட்டில் ஒரு கதவு எண் வாங்கி, தன் கதையை ஊதாப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் எழுதி வைக்கலாம். மாற்றுக் கலாச்சாரம் என்றால் எனக்கு அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கதவு எண் முகவரியிலேயே இருக்கும்: பேட்டை பெயர், தெருப் பெயர், நாலு இலக்க எண். பழைய வலைப்பக்கங்களின் நகலைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரு முகவரியைப் போட்டுத் திற, அப்புறம் கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போ. பல வீடு பூட்டியிருக்கும், திடீரென்று ஒன்று திறக்கும். தேடுபொறி எதுவும் உன்னை அந்த வீட்டுக்கு அனுப்பாது.

1999இல் யாஹூ வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. மூடுவதற்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் கூட்டம் முடிந்தவரை இறக்கி வைத்து, மறு வருஷம் டொரண்டாக விட்டது, 600 ஜிபிக்கு மேல். அதைத்தான் நான் மேலே சொன்ன அதே லியாலினாவும் டிராகன் எஸ்பென்ஷீட் என்பவரும் உட்கார்ந்து பிரித்து ஆராய்ந்தார்கள். (மேலே சொன்னது மாமி, மன்னிக்கவும்.)

எனக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது. 1999, திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 40 ரூபாய், அதில் கால் மணி நேரம் ஒரே ஒரு சுழலும் பூமி ஜிஃப் ஏறுவதற்குப் போய்விடும். பாஸ்வேர்டு எழுதிய டைரியைத் தொலைத்துவிட்டேன், அதோடு வீடும் போச்சு.

கிழட்டுலிங்க்ஸ்:
எல்லாரும் வெப்பிலிருந்தே ஆரம்பிக்கிறீர்கள். கிறுக்குத்தனம் அதற்கு முன்னாலேயே தயார்.

வெப்புக்கு முன்பே இருந்த உரையாடல் குழுக்களின் வலையமைப்பான யூஸ்நெட்டில் 1987 வாக்கில் குழுக்களுக்கெல்லாம் புதுப் பெயர் சூட்டினார்கள். முக்கியமான கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஒரு சின்னக் கூட்டம்தான் எந்தக் குழு இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்தது. ஜான் கில்மோருக்குப் போதைப்பொருள் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும், கிடைக்கவில்லை. பிரையன் ரீடுக்குத் தன் சமையல் குறிப்புக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் பிடிக்கவில்லை. இவர்களும் கார்டன் மோஃபெட் என்பவரும் கலிபோர்னியாவில் ஒரு பார்பெக்யூ கடையில் உட்கார்ந்து பேசி, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத 'ஆல்ட்' என்ற தனிக் கிளையைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் ரீட் ஆல்ட்.செக்ஸ் தொடங்கினார், 'செக்ஸ், டிரக்ஸ், ராக்-என்-ரோல்' வரிசை பூர்த்தியாக வேண்டுமே என்று ஆல்ட்.ராக்-என்-ரோலும் தொடங்கினார். மூலத்தில் பார்த்தால் பாதிச் சண்டை சமையல் குறிப்புக்காக, இதை யாரும் சொல்வதில்லை.

அதற்கும் முன்னால் 1985இல் 'த வெல்' என்ற, மோடம் வழியாகப் பேசிக்கொள்ளும் ஆன்லைன் மன்றம், சான் பிரான்சிஸ்கோ பக்கம் சாசலிட்டோவில். ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியண்டும் ஆரம்பித்தது. நடத்தியவர்களில் சிலர் டென்னஸ்ஸியில் 'த ஃபார்ம்' என்ற ஹிப்பி கம்யூனிலிருந்து வந்தவர்கள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்கள் கச்சேரி டேப் பற்றிப் பேச வந்து மணிக்கணக்கில் கிடந்தார்கள், மணிக்கணக்குக்குக் காசு என்பதால் கடை ஓடியது. ஒன்று சொல்லிவிடுகிறேன், ரொம்பப் புனிதப்படுத்த வேண்டாம். அன்றைக்கு கம்ப்யூட்டரும் மோடமும் போன் பில்லும் கட்ட முடிந்த ஆள்தான் கலகக்காரன். சென்னையில் நான் எழுத்து மட்டுமே வரும் ஷெல் அக்கவுண்டில் லிங்க்ஸ் பிரவுசர் வைத்து மேய்ந்தேன், படமே வராது, படம் இருந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இமேஜ்' என்று வரும். ஜோடியை நான் அதில் பார்த்திருந்தால் என் லைன்தான் கோளாறு என்று நினைத்திருப்பேன்.

மாரிமழை:
ஆம்ஸ்டர்டாமையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் இருப்பது நெதர்லாந்தில். டி டிஜிட்டாலே ஸ்டாட், டிஜிட்டல் நகரம், 1994 ஜனவரி. டி பாலி என்ற பண்பாட்டு மையமும் ஹேக்-டிக் என்ற பத்திரிகை நடத்திய ஹேக்கர்களும் சேர்ந்து பத்து வாரப் பரிசோதனையாகத் தொடங்கியது. போன் லைன் எப்போதும் பிஸி. பிறகு திரையில் சதுக்கங்கள் வந்தன, சதுக்கத்தைச் சுற்றி ஆட்கள் வீடு போட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள் அரசாங்கமே வேண்டாம் என்றார்கள், இவர்கள் நகராட்சியிடமே காசு வாங்கி ஆரம்பித்தார்கள்.

தம்பி, தேடும்போது ஒன்று: ஹெவன்ஸ் கேட் என்ற பெயர் கண்ணில் படும். 1997 மார்ச்சில் 39 பேர் கூட்டாக உயிரை விட்ட கூட்டம். அந்தத் தளம் அப்படியே இன்னும் இருக்கிறது. வேடிக்கை என்று நினைத்து நடுராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள், எனக்கு இரண்டு நாள் சரியில்லை.

தூங்காநகரன்:
எல்லாருக்கும் நன்றி. மாமி, வெடிகுண்டைப் பார்த்துவிட்டேன், பக்கத்து நாற்காலிக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் 'இதுக்கா லீவு போட்ட' என்றான்.

பேட்டைவாசி அண்ணே, ஏரியா 51இல் எண்ணை மாற்றிக்கொண்டே போனேன். பதினேழாவது வீடு திறந்தது. நட்சத்திரப் பின்னணி, கட்டுமான வேலை நடக்கிறது என்று மண்வெட்டியோடு ஒரு ஆள், வந்து பார்த்தவர்களை எண்ணும் கவுண்டரில் 000212. தன் தாத்தா வயலில் பார்த்த வெளிச்சத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார், கடைசி வரி 'மீதி அடுத்த வாரம்'. அடியில் ஒரே விஷயத்தைப் பற்றிய தளங்களை வளையமாகக் கோக்கும் வெப்ரிங் ஒன்று, முந்தையது, அடுத்தது, ஏதோ ஒன்று என்று மூன்று பட்டன். 'அடுத்தது' அழுத்தினால் பிழைச்செய்திதான் வருகிறது. இதைத் தாண்ட வழி உண்டா?

பேட்டைவாசி:
பட்டன் வேலை செய்யாது, வளையத்தை இயக்கிய சர்வரே போய்விட்டது. அந்த வளையத்தின் பெயரைப் பார்த்து, அதன் உறுப்பினர் பட்டியல் பக்கத்தை வேபேக்கில் தேடு. 1998, 1999 தேதிகளில் சில சமயம் மாட்டும். மாட்டினால் முகவரியை இங்கே போடு, எனக்கும் அந்தத் தாத்தா கதை முடிவு தெரிய வேண்டும்.