முதல் டாங்கி கிட்: ஸ்டுவர்ட்டில் எந்த வகையை வார்க்கலாம்?

கோத்தகிரி_பட்டறை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் சிறிய அளவில் ரெசின் கிட் (ஒட்டிச் சேர்க்கும் மாதிரி வண்டித் துண்டுகள்) வார்க்கிறோம். இதுவரை லாரி, ஜீப், பெட்டி படுக்கை மாதிரியான உதிரிகள்தான். இப்போது முதல் முழு டாங்கி. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க இலகு டாங்கி ஸ்டுவர்ட், 1:72 அளவு. 1:35-இல் டாமியா, அகாடமி, ஏஎஃப்வி கிளப் மூன்றும் ஏற்கெனவே பிளாஸ்டிக்கில் போட்டிருக்கின்றன. அங்கே போய் மோதுவதாக இல்லை.

மாஸ்டர் (மோல்டு எடுப்பதற்கான மூல மாதிரி) ரெசின் பிரிண்டரில், மோல்டு சிலிக்கானில், வார்ப்பு பாலியூரிதேனில். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் பக்கமிருந்து கேட்பவர்கள் அதிகம் என்பதால் இந்தியப் படை ஓட்டிய வண்டியாக இருக்க வேண்டும். எம்3, எம்3ஏ1, எம்3ஏ3, எம்5, எம்5ஏ1 இவற்றில் எது? ஒரே மோல்டு தொகுதியில் இரண்டு வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

சில்வர்ஓக், குன்னூர்:

ஹல்லை (உடற்பகுதியை) விட்டுவிட்டு முதலில் டரட்டை (பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டை) பாருங்கள், கணக்கு எளிதாகிவிடும்.

எம்3ஏ1-உம் எம்5-உம் கிட்டத்தட்ட ஒரே டரட். மேலே குப்போலா (எட்டிப்பார்க்கும் சிறு கூண்டு) கிடையாது, இரண்டு மூடிகள், பின்புறம் துருத்தல் இல்லை. எம்3ஏ3-உம் எம்5ஏ1-உம் இன்னொரு டரட். ரேடியோ வைப்பதற்காகப் பின்பக்கம் நீட்டியிருப்பார்கள். எம்5ஏ1 என்பதே எம்5 ஹல்லின் மேல் எம்3ஏ3 டரட்டை ஏற்றியதுதான். விமான எதிர்ப்பு மெஷின் கன் மட்டும் வலப்பக்கம் போனது, பிந்தைய வண்டிகளில் அதற்கு ஒரு தகட்டு மறைப்பும் வந்தது.

ஆகவே ஒரு எம்5 ஹல், பெட்டிக்குள் இரண்டு டரட். எம்5, எம்5ஏ1 இரண்டும் முடிந்தது. டரட் சிறிய துண்டு, அதே மோல்டு பிளாக்கில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடும். பிரிட்டிஷ் கணக்கில் இரண்டுக்கும் ஸ்டுவர்ட் 6 என்ற ஒரே பெயர். படத்தின் கீழே எழுதிய பெயரை நம்பி டரட்டை முடிவுசெய்யாதீர்கள். டரட்டின் பின்பக்கம் தெரியும் படமாகத் தேடுங்கள்.

இந்தியத் தொடர்புக்கு காஷ்மீர்ப் பக்கத்து சோஜிலா போதுமே. 1948 நவம்பர் 1, 11,500 அடி உயரக் கணவாயில் 7-ஆவது லைட் கேவல்ரி ஸ்டுவர்ட்டை ஏற்றியது. எம்5 என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். பால்தாலிலிருந்து மேலே கோவேறு கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி ஏறும் அளவுக்கு வெட்டி அகலப்படுத்தியது மெட்ராஸ் சாப்பர்ஸ் (படைப் பொறியாளர்கள்). அட்டையில் எழுதும்போது கவனம்: வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட், அது காலாட்படை. சாப்பர்ஸ் பெங்களூருக்காரர்கள். குன்னூரில் விற்கிற பெட்டியில் இரண்டையும் குழப்பினால் அன்றைக்கே யாராவது வந்து திருத்துவார்கள்.

ரிவெட்_எண்ணி, கொடைக்கானல்:

எம்5-க்கு முன்னால் எம்3ஏ1-ஐ ஒருமுறை யோசியுங்கள் சார். 1944 இம்பாலில் 254-ஆவது இந்திய டாங்க் பிரிகேடில் இதே 7-ஆவது கேவல்ரி ஸ்டுவர்ட்டோடு நின்றது. போர்க்கால வண்டி என்று கேட்டுவிட்டு 1948-க்குப் போவானேன்? முகப்பு படிக்கட்டு போல நிற்கும், டிரைவருக்கு நேர்த்தகடு, பக்கமெல்லாம் ஆணித்தலை. பார்த்ததும் ஸ்டுவர்ட் என்று சொல்ல வைப்பது அந்த முகம்தான்.

சிக்கலும் அந்த ஆணித்தலையிலேயே இருக்கிறது, மறைக்கவில்லை. ஓர் அங்குல அகலத் தலை 1:72-இல் 0.35 மி.மீ. பிரிண்டரில் வந்துவிடும், ஆனால் லேயர் கோட்டைத் தேய்க்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். ஹல் தகட்டை ஆணியில்லாமல் பிரிண்ட் செய்து, தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு ரிவெட் டெக்கால் (ஆணித்தலை புடைத்த ஒட்டுப்படம்) ஒட்டுங்கள். அதன் மேல் இன்னொரு மெல்லிய பிரைமர், பிறகு மோல்டு. பிந்தைய எம்3ஏ1 ஹல் வெல்டிங் செய்தது. ஆணி வேண்டாம் என்றால் அந்த வழியும் இருக்கிறது.

சாதாரண எம்3-ஐ விட்டுவிடலாம். 1942 பர்மா பின்வாங்கலில் அதை ஓட்டிய 7-ஆவது ஹுஸார்ஸ், 2-ஆவது ராயல் டாங்க் ரெஜிமென்ட் இரண்டும் பிரிட்டிஷ் படைகள். எம்3ஏ3 வேண்டுமானால் ராம்கரில் (இன்றைய ஜார்க்கண்ட்) பயிற்சி பெற்று வட பர்மாவில் சண்டையிட்ட சீனப் படைக்குப் பொருந்தும். உங்கள் வாடிக்கையாளர் கேட்பது அது இல்லை.

சில்வர்ஓக், குன்னூர்:

கொடைக்கானல் நண்பர் சொல்வது சரிதான், எம்3ஏ1 முகம் அழகு. ஆனால் முதல் டாங்கியில் ஆணியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கட்சி. எம்5 முகப்பு ஒரே சாய்வுத் தகடு, வெல்டிங். இரட்டை காடிலாக் இன்ஜினுக்காகப் பின்தளம் மட்டும் படியாக உயரும். இன்னொன்று: போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), சக்கரம், மேல் உருளை மூன்று, தரையைத் தொடும் பின்சக்கரம் எல்லாம் இந்தக் குடும்பத்துக்கே பொது அமைப்பு. இப்போது எம்5-க்குச் செய்யும் ஓட்டப் பாகங்களை அடுத்த வருடம் எம்3ஏ1-க்கு எடுத்துக்கொள்ளலாம், எம்5-இன் துருத்தலில்லாத டரட்டும் அப்படியே போகும். பின்சக்கரம் உட்காரும் இடத்தை மட்டும் ஒவ்வொரு ஹல்லுக்கும் வரைபடத்தில் தனியாக அளந்து வையுங்கள்.

சக்கரத்தில் ஆரக்கால் வைத்ததும் உண்டு, மூடிய தட்டு வைத்ததும் உண்டு. மூடியதை எடுங்கள். 1:72-இல் ஆரக்கால் இடைவெளியெல்லாம் ரெசின் சவ்வு பிடித்துக்கொள்ளும், வாங்கியவர் கத்தி முனையால் குத்திக்கொண்டு இருப்பார்.

மணல் தடுப்புத் தகடு வேண்டாம். வார்ப்பில் 0.4 மி.மீ.க்குக் கீழே போக முடியாது. அதை 72-ஆல் பெருக்கினால் 29 மி.மீ., மெல்லிய தகடு கவசம் மாதிரி தெரியும். போட்டே ஆகவேண்டும் என்றால் கீழ் விளிம்பை உட்பக்கமாகச் சரித்துச் சீவுங்கள்.

மூடுபனி_வார்ப்பு, ஊட்டி:

வகை எதுவானாலும், மலையில் வார்ப்பதற்குச் சில விஷயங்கள்.

வேக்குவம் மீட்டர். சிலிக்கானைக் காற்று நீக்க 29 அங்குலம் (பாதரச அளவு) இழுக்கச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். அது கடல்மட்டக் கணக்கு. ஊட்டி உயரத்தில் வெளிக்காற்றே 23 அங்குலம்தான், கோத்தகிரியில் சுமார் 24. முள் அதற்கு மேல் ஏறவே ஏறாது. பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். சிலிக்கான் பொங்கி ஏறி, உடைந்து, தானே அமுங்குகிறதா என்று பாருங்கள், அதுதான் அடையாளம். கிண்ணத்தில் கால்வாசிக்கு மேல் ஊற்றினால் வழியும்.

பாலியூரிதேனில் கலக்கும் இரண்டு திரவங்களில் ஐசோசயனேட் பாகத்துக்கு ஈரம் ஆகாது. கார்பன் டை ஆக்சைடு கிளம்பி வார்ப்புக்குள் நுரைக்கும். உங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில் இதுதான் நடக்கும். பேப்பர் கப், ஐஸ் குச்சி இரண்டும் ஈரம் குடித்தவை, பிளாஸ்டிக் கப்பும் எஃகுக் கம்பியும் எடுங்கள். மோல்டை 45 டிகிரியில் அரைமணி சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். மார்கழிக் குளிரில் ஐசோசயனேட் கேன் படிகம் கட்டினால் இறுக மூடி வெந்நீரில் வைத்துக் கரைத்த பிறகே அளக்க வேண்டும். இந்த வேலைக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும், ஆவிக்கேற்ற முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

பிரிண்ட் செய்த மாஸ்டர் மேல் பிளாட்டினம் சிலிக்கான் (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) ஊற்றினால் ஒட்டுமிடம் பிசுபிசுவென்று இறுகாமல் நிற்கும். நன்றாகக் கழுவி, யூவி காட்டி, 60 டிகிரியில் சில மணி நேரம் வைத்து, அக்ரிலிக் கிளியர் அடித்து, ஒரு துண்டில் சோதித்துவிட்டு ஊற்றுங்கள். இல்லையேல் டின் சிலிக்கான் (வெள்ளீய வினையூக்கியால் இறுகுவது), அதற்கு இந்தத் தொல்லை குறைவு. மோல்டு ஆயுள் கொஞ்சம் குறையும்.

ஹல்லைத் திடக்கட்டியாக வார்க்காதீர்கள். தடித்த இடத்தில் சூடு ஏறி அதிகம் சுருங்கும், மேல் துண்டு பொருந்தாது. கீழ்ப்பகுதி தொட்டி, மேல்பகுதி தனி, சுவர் 1.5 மி.மீ. டரட்டைத் தலைகீழாகப் போட்டு, ஹல்லில் உட்காரும் வளைய முகத்தில் ஊற்றுவாய் வையுங்கள், வெட்டிய தழும்பு உள்ளே மறைந்துவிடும்.

கோத்தகிரி_பட்டறை:

எம்5 ஹல், இரண்டு டரட், மூடிய சக்கரம் என்று முடிவு. எம்3ஏ1 அடுத்ததற்கு. சோஜிலாவுக்குப் போகும்போது டரட்டைக் கழற்றித் தனியே கொண்டுபோனார்களே, அந்தத் தோற்றத்தையும் கொடுக்கலாமா? துப்பாக்கிக் குழலையும் ரெசினிலேயே வார்க்கலாமா?

ரிவெட்_எண்ணி, கொடைக்கானல்:

குழல் ரெசினில் வேண்டாம், வெயில் பட்டால் வளையும். 37 மி.மீ. உள்விட்டம் 1:72-இல் 0.51. மருந்துக்கடையில் கிடைக்கும் 20 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.9, உள்விட்டம் 0.6, பொருந்தும். கூர்முனையைச் சுழலும் வெட்டுத் தகட்டால் எடுங்கள். பிளையரால் வெட்டினால் வாய் நசுங்கும். டரட்டில் 0.95 துளையை மாஸ்டரிலேயே வைத்துவிடுங்கள்.

டரட் இல்லாத தோற்றம் என்றால் வளையத்துக்குள் உள்ளமைப்பு தெரியும், அதைச் செய்ய ஆரம்பித்தால் முடியாது. வளையத்தை மூடுகிற தார்ப்பாய் ஒன்றைத் தனித்துண்டாக வார்த்துப் போடுங்கள். மாஸ்டருக்கு எபாக்ஸி புட்டியை மெல்லியதாக உருட்டி, பவுடர் தூவி ஹல் மேல் போர்த்தினால் மடிப்பு தானாக விழும். இறுகியதும் பெயர்த்துவிடலாம். களிமண்ணில் செய்தால் கந்தகம் இல்லாத களிமண்ணா என்று பார்த்து வாங்குங்கள், பிளாட்டினம் சிலிக்கானுக்கு அதுவும் ஆகாது.