வாசகர் சந்திப்பில் கொலைகாரன் யாரென்று ஒருவர் போட்டு உடைத்தால் என்ன செய்வது?

உப்புவெளிக்காரன்:
துப்பறியும் நாவல் இரண்டு எழுதியிருக்கிறேன். இரண்டும் சொந்தக் காசில் அச்சடித்தவை, பாதிக்கு மேல் இன்னும் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு கிடக்கின்றன. அடுத்த மாதம் திருகோணமலை டவுனில் ஒரு வாசகர் சந்திப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'என் வாசிப்பு' என்று அரை மணித்தியாலம் பேச வேண்டுமாம், பிறகு கேள்வி நேரம். அந்தக் கேள்வி நேரத்தை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

போன தடவை வெளியீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாவலில், பத்தடித் தண்ணீரில் போட்ட பிணம் இரவில் கடல் வற்றி விடியும்போது மணலில் தெரியும், அந்த வற்றிய கணக்கை வைத்துத்தான் துப்பறிகிறவர் கொலை நடந்த நேரத்தைப் பிடிப்பார். பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழும்பி, "தம்பி, இது எந்த ஊர்க் கடல்?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. அது அடங்க முதல் இன்னொருவர், "அந்தக் கம்பவுண்டர்தானே கொலைகாரன், எனக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே விளங்கிவிட்டது" என்றார். புத்தகத்தைக் கையில் எடுத்து வைத்திருந்த நாலைந்து பேர் மெல்லத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.

வாசிப்பு விஷயமும் சங்கடம்தான். நான் வளர்ந்தது வாடகைக்கு எடுத்த மாத நாவல்களிலும், தமிழில் வந்த ஆங்கிலத் துப்பறியும் கதைகளிலும். அதை அப்படியே சொல்லலாமா, இல்லாவிட்டால் கனமான இலக்கியப் பெயர் நாலைத் தூக்கிப் போடுவதா?

வள்ளக்காரன் மகன்:
அந்தப் பெரியவர் கேட்டதில் பிழையே இல்லை, அண்ணா. எங்கள் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட வித்தியாசம் வராது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும், அந்தக் கதைகளில் வாசித்த கடலை நீங்கள் அப்படியே கொண்டுவந்து உப்புவெளியில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டாவது நாவலும் வாசித்தேன். கொலைகாரன் இரவு இரண்டு மணிக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள் ஓடி ஒளிகிறான். கோட்டைக்குள் ஆமி இருக்கிறது, சரி, அவர்களை ஏமாற்றினான் என்று வைப்போம், அங்கே நிற்கிற மான்களில் ஒன்றுகூடவா எழும்பவில்லை?

பழைய வாசகன்:
கடலை அளந்துகொண்டா கதை வாசிக்கிறோம்? ஓடினால் போதும். நானும் அந்த நாவலை ஒரே இரவில் முடித்தேன், எனக்கு மான் ஞாபகமே வரவில்லை.

வள்ளக்காரன் மகன்:
வற்றை வைத்துத்தானே ஐயா ஆளையே பிடிக்கிறார், அது பிழைத்தால் என்ன மிச்சம்? அகதா கிறிஸ்டி முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவர், அதனால்தான் 1920இல் வந்த அவருடைய முதல் நாவலிலேயே விஷம் அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. எங்களிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. வாடைக் காலத்தில் வெளிக்கடல் பக்கம் இரைந்துகொண்டு நிற்கும், உட்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கும். கடல் இறங்கவே விடாத ஒரு மார்கழி இரவில் வெளிக்கடலில் வலை போட்டேன் என்று ஒருவன் பொலிசில் சொன்னால், அவன் பொய்யன் என்று எங்கள் வீட்டுச் சின்னனுக்கும் தெரியும், கொழும்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. எழுதுங்களேன்.

கிண்ணியா வாசகி:
வாடகை நாவல் என்றே சொல்லுங்கள், அதில் என்ன வெட்கம்? எங்கள் உம்மா அடுப்படியில் ஒளித்து வைத்து வாசித்ததும் அவைதான். இந்த ஊரில் 1891இலேயே இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை' எழுதினார், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த கதைதான். கடன் வாங்குவது எங்களுக்குப் புதிது இல்லை. வள்ளக்காரர் சொல்வது போல, வாங்கின இடத்துக் கடலையும் சேர்த்து வாங்கியதுதான் வில்லங்கம்.

போட்டு உடைக்கிறவர்களுக்கு நாங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு வழி வைத்திருக்கிறோம். தேத்தண்ணிக்கு முதல் வாசிக்காதவர்களும் இருக்கலாம், முடிவைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தேத்தண்ணி குடித்த பிறகு வாசித்து முடித்தவர்கள் மட்டும், என்னவும் கதைக்கலாம். கேள்வியைத் துண்டில் எழுதி வாங்குங்கள், ஏடாகூடமானதை நீங்களே அடியில் வைத்துவிடலாம். புத்தகத்தைத் தேத்தண்ணிக்கு முதல் விற்று முடியுங்கள், இதுதான் முக்கியம்.

பழைய வாசகன்:
அது நல்ல யோசனை. ஒன்று, உங்கள் துப்பறிகிறவரை அடுத்த நாவலில் சாகடிக்கப் போவதாகக் கேள்வி. கொனன் டொயில் 1893இல் ஹோம்ஸைக் கொன்றுவிட்டு, வாசகர் விடாமல் 1903இல் திரும்ப எழுப்பிக் கொண்டுவந்தார். எங்களுக்கும் அவ்வளவு பொறுமை இல்லை, சொல்லிவிட்டேன்.

உப்புவெளிக்காரன்:
சாகடிக்கவில்லை, காலில்தான் அடி. பேச்சை அந்தப் பெரியவரின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்று இருக்கிறேன், அவர் வந்தால் முன்வரிசையில் இருத்த வேண்டும். வள்ளக்காரத் தம்பி, மூன்றாவது நாவல் கையெழுத்தில் இருக்கிறது, வாடைக் காலத்தில்தான் நடக்கிறது. அச்சுக்குப் போக முதல் ஒருக்கால் பார்ப்பீர்களா?

வள்ளக்காரன் மகன்:
அனுப்புங்கள் அண்ணா. கொலைகாரன் யாரென்று மட்டும் முதலே சொல்லிப்போடாதீர்கள்.