சாய்ந்த மரத்தை உடனே வெட்டாதீர்கள்: கஜா புயலுக்குப் பிறகு எங்கள் கொல்லைகளில் நடந்தது

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

2018 நவம்பர் 16, ஐப்பசி கடைசி நாள். மாயவரத்துக் கடைமுழுக்குக்கு, அதாவது ஐப்பசி கடைசி நாள் காவிரிக் குளியலுக்குப் போக வேண்டும் என்று அம்மா முதல் நாளே புடவை எடுத்து வைத்திருந்தார். விடிந்து கொல்லைக் கதவைத் திறந்தோம். வானம் மூட்டமாக இருந்தும் கொல்லை பளிச்சென்று வெறிச்சோடிக் கிடந்தது. இருபது வருஷமாக அங்கே வெயில் தரையில் விழுந்து நான் பார்த்ததில்லை. மாவின் கிழக்குக் கிளை கவட்டையோடு கிழிந்து கிணற்றின் மேல் கிடந்தது. முருங்கை மூன்று துண்டு. வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. அப்பா வைத்த பலாக் கன்று, ஆறு வயசு, தொடை கனம் இருக்கும், வேலியில் சாய்ந்திருந்தது. கொய்யா ஒரு பக்க வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

முதல் மூன்று நாளில் நாங்கள் வெட்டியதில் பாதியை வெட்டியிருக்கவே வேண்டாம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை, பாதை முழுக்க மரம். அந்த நேரத்தில் கண்ணில் படுவதையெல்லாம் அகற்றினால்தான் மூச்சு விட முடியும் என்று தோன்றியது. மரம் அறுக்க வந்தவர், “இது போச்சுங்க, இனிமே எந்திரிக்காது” என்று பலாவைத் தூரோடு அறுத்துப் போட்டார். நானும் சரி என்று தலையாட்டினேன். அறுத்த பிறகு தூரைப் பார்த்தால் மேற்குப் பக்க வேர் அத்தனையும் மண்ணுக்குள் அப்படியே இருந்தது. அறுத்த இடத்தில் பால் சொட்டியது. ஏழெட்டு பேர் பிடித்திருந்தால் நிமிர்த்தியிருக்கலாம். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது மனசு கேட்காது.

கொய்யா பிழைத்தது அம்மாவால். பக்கத்திலேயே நின்றுகொண்டு அரிவாளை வைக்கவிடவில்லை. வெளியே தெரிந்த வேர்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். வேர் காய்ந்துவிட்டால் அப்புறம் நிமிர்த்தியும் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்காம் நாள் ஆள் கிடைத்தார்கள். மரத்தை இழுக்கும் முன் வேர் போய் உட்கார வேண்டிய குழியில் இடிந்து கிடந்த மண்ணை அள்ளினோம். முறிந்து நார் நாராகத் தொங்கிய வேர்களைக் கூரான வாளால் சுத்தமாக நறுக்கினோம். கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தோம். பாதி வேரை இழந்த மரம் முழுத் தழைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அப்புறம்தான் வடக்கயிறு. கயிறு படும் இடத்தில் சாக்கை மடித்து வைத்து, ஒரே மூச்சில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினோம். இழுக்க இழுக்க ஒருவர் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே வந்தார். மூன்று பக்கம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தோம். உரம் எதுவும் போடவில்லை. எங்களுடையது களிமண், மழைத் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும் என்று ஒரு வடிகால் மட்டும் வெட்டிவிட்டோம்.

இலை முழுக்கக் கொட்டிவிட்டது. போயிற்று என்றுதான் நினைத்தேன். தை பிறந்து ஒரு வாரம் இருக்கும், அம்மா கூப்பிட்டார். பட்டையில் நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை. கொஞ்சம் மேலே, கணுவில் அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக ஒரு துளிர்.

மாவில் நாங்கள் செய்த தப்பு வேறு. கிழிந்த கிளையை மேலிருந்து ஒரே அறுப்பாக அறுத்தோம். பாரம் தாங்காமல் கிளை விழும்போது தாய்மரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போனது. முதலில் ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கால்வாசி அறுக்க வேண்டும். அப்புறம் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் பாரம் இறங்கிவிடும். மிச்சத் துண்டை, கிளை புறப்படும் இடத்துப் புடைப்புக்கு வெளியே ஒட்ட எடுக்க வேண்டும். புடைப்பை விட்டுவைத்தால்தான் புண் ஆறும். அடுத்த கிளைகளில் அப்படித்தான் செய்தோம்.

வெட்டிய வாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போர்டோ பசை பூசினோம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தண்ணீரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக்கூடாது. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இருபது வருஷம் நிழலில் இருந்த மாம்பட்டையில் திடீரென்று வெயில் அடித்தால் வெடித்துவிடும். அதனால் தெற்கும் மேற்குமாகச் சுண்ணாம்பும் அடித்தோம்.

உங்கள் கொல்லையில் என்ன பிழைத்தது, என்ன போனது? எழுதுங்கள்.

பேராவூரணி பக்கத்திலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் கொல்லை. எங்களுக்குத் தோப்பும் வீடும் ஒன்றுதான். வீட்டைச் சுற்றி இருந்த 64 தென்னையில் 19 நின்றது. நின்றதிலும் பாதிக்குத் தலை திருகிப்போய் மட்டையெல்லாம் ஒரே பக்கம் தொங்கியது. அதையும் வெட்டிவிடச் சொன்னார்கள். என் மாமனார் மட்டும் ஏணி போட்டு ஏறிக் குருத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிடுங்கினால் கையோடு வந்து நாற்றம் அடித்தால் அந்த மரம் முடிந்தது. தென்னைக்கு உயிர் அந்த ஒரு இடத்தில்தான், வேறு எங்கேயும் துளிர்க்காது. குருத்து உறுதியாக நின்ற மரத்தை விட்டுவிடச் சொன்னார். ஒடிந்து தொங்கிய மட்டையை மட்டும் கழித்தோம், பச்சை மட்டையைத் தொடவில்லை. அப்படி விட்டதில் ஒன்பது மரம் பிழைத்தது. காய்ப்பு பழையபடி திரும்ப இரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று.

எங்களைப் பின்னால் அடித்தது காண்டாமிருக வண்டு. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த ஆளும் இல்லை, வாங்கவும் ஆள் இல்லை. மரத்துக்கு அகற்றும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. ஆனால் ஊர் முழுக்க மரம் கிடக்கும்போது அறுக்கிறவர் எத்தனை வீட்டுக்குத்தான் போவார்? கிடந்த மரம் மழையில் ஊறி உளுத்தது. அடுத்த வருஷம் ஒரு கட்டையைப் புரட்டினேன். கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் வளைந்து வளைந்து கிடந்தன, ஒரே கட்டையில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். அதே வண்டுதான் புதிதாக வைத்த கன்றுகளின் குருத்தைத் துளைத்தது. விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது மாதிரி இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்கில் மரத்துக்கு 150 கிராம் வைத்தோம். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பானையில் ஊற்றி ஆங்காங்கே வைத்தால் வண்டு வந்து விழும். காலையில் பொறுக்கி எடுப்பது என் பெண்ணின் வேலை. ஆனாலும் சொல்கிறேன், நிற்கிற மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கிடக்கிற மரத்தை முதலில் பிளந்து காயப்போடுங்கள், இல்லை எரித்துவிடுங்கள்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. திடீரென்று ஒரு அமைதி. விட்டது என்று நினைத்துக் கூரையைப் பார்க்க வெளியே போனவர்கள் உண்டு. அப்புறம் தெற்கிலிருந்து முன்னைவிட மோசமாக அடித்தது. முதல் காற்றில் ஆடி வேர் தளர்ந்த மரத்தையெல்லாம் இரண்டாவது சாய்த்தது.

நான் சொல்ல வந்தது ஆபத்தைப் பற்றி. பக்கத்து வீட்டுப் பெரிய வேம்பு வேரோடு படுத்திருந்தது. வேர்த் தட்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்க, கீழே பள்ளம். பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடினார்கள். மறுபக்கம் மெஷினால் அடிமரத்தை அறுக்கிறார்கள். ஒரு அம்மா ஏதோ தோன்றிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார், அவர்கள் ஏறி வந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. அறுத்த பாரம் விலகியதும் வேர்த் தட்டு தடாலென்று திரும்பிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. மரம் நின்றிருந்தபடியே தூர் நிமிர்ந்துவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தயவுசெய்து வேர்ப் பள்ளத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள். கம்பிமேல் கிடக்கிற கிளையையும் மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டித்தது உறுதியாகும்வரை தொடாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

ஒரு கேள்வி அண்ணே. முட்டுக்கொம்பையும் கயிற்றையும் எப்போது எடுத்தீர்கள்? பின்னால் வந்த ஒரு காற்றில் சாய்ந்த எங்கள் நாரத்தையை நிமிர்த்திக் கட்டி எட்டு மாதம் ஆகிறது. எடுத்தால் மறுபடி சாயுமோ என்று பயமாக இருக்கிறது.

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

தம்பி, கயிற்றை இன்றைக்கே போய்ப் பாருங்கள். நான் அதைக் கவனிக்காமல் விட்டேன். ஆடியில் பார்த்தபோது சாக்கு உளுத்துப்போய்க் கயிறு பட்டையைக் கவ்வியிருந்தது. இரண்டு பக்கமும் மரம் வீங்கி, நடுவில் ஒரு விரல் ஆழம் பள்ளம். கயிற்றை அறுத்துத் துண்டு துண்டாகத்தான் உருவ முடிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தளர்த்தி இடம் மாற்றிக் கட்டுங்கள்.

முட்டுக்கொம்பை ஒரு வருஷம் கழித்து, ஒரு பருவக்காற்று தாண்டியதும் எடுத்தோம். ஒரே நாளில் எடுக்கவில்லை. முதலில் ஒரு கொம்பு, பத்து நாள் கழித்து அடுத்தது. மரத்தைக் கையால் அசைத்து, தூரைச் சுற்றி மண் பிளக்கிறதா என்று பார்த்தோம். பிளந்தால் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள்.

பேராவூரணி அக்கா, நீங்கள் சொன்ன பிறகு கிணற்றடியில் கிடந்த எங்கள் பழைய தென்னங்கட்டையை நேற்று புரட்டினேன். ஏழு புழு. கட்டையைப் பிளந்து வெயிலில் போட்டிருக்கிறேன்.