புதுப்பிப்பு: கரையான் மருந்து கம்பெனியில் மேனேஜர் ஆகி மூன்று மாதம்

பத்து வருடம் கரையான் மருந்து இறக்க டிரில் பிடித்து ஓட்டை போட்டவனுக்கு மேனேஜர் வேலை ஒத்துவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன்.

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு. மருந்து அடித்து இரண்டே மாதத்தில் வாசல் நிலையில் மறுபடி கரையான் கட்டிய மண்கோடு. தட்டினால் பொள்ளல் சத்தம். "காசு வாங்கினீங்களே தம்பி?" என்றார் பாட்டி. குனிந்து பார்த்தால், சுவரோரம் ஓரடிக்கு ஒன்று போட வேண்டிய ஓட்டை இரண்டடிக்கு ஒன்று இருக்கிறது. ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரை கரைசல் இறங்க வேண்டும், பாதிகூட இறங்கியிருக்காது. மருந்து அடித்த எங்கள் பையனைத் திட்டவில்லை, அந்த வயதில் நானும் செய்ததுதான். டிரில்லை வாங்கி நானே முடித்தேன்.

அப்புறம், சம்பளம் கேட்டவர்களுக்கு: கூடியிருக்கிறது. போனும்தான். மழை விட்டு ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான், பறந்தால் ராத்திரி பத்து மணிக்கும் அடிக்கிறது.