எண்ணூர் வலையை முதலில் யார் பார்க்க வேண்டும்?

ராயபுரம் டிராயிங் மாஸ்டர்

மாநகராட்சிப் பள்ளியில் என்னிடம் ஓவியம் படித்து, பிறகு அரசு கவின்கலைக் கல்லூரியில் சேர்ந்து தேறிய ஒரு பெண், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயில் பாழாய்ப்போன மீன்வலைகளைக் கொண்டு மூன்று பெரிய தொங்கல்கள் செய்திருக்கிறார். அவரும் அந்தக் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவர்தான். அந்த வேலைக்கு ஓர் அறக்கட்டளை நல்கை கொடுத்தது. நல்கைச் செய்தி வெளியானதும் டெல்லியிலிருந்து ஒரு கேலரி அவரைத் தேடி வந்தது. இப்போது அந்த வலைகள் ஐரோப்பாவில் நடக்கும் ஒரு கலைச் சந்தைக்குப் போய்விட்டன. என் மாணவி என்ற பெருமை எனக்கு நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வலைகள் எந்தத் தண்ணீரில் கறுத்தனவோ அந்தக் கரையில் ஒருவர்கூட அவற்றைக் கலையாகப் பார்க்கவில்லை என்பது என்னைத் தூங்கவிடாமல் உறுத்துகிறது.

ஓர் ஊரின் துயரத்தைப் பொருளாகக் கொண்டு நல்கை பெற்ற படைப்பு, அந்த ஊரில் ஒரு வாரமாவது வைக்கப்பட்ட பிறகே வெளியே போக வேண்டும். நல்கை கொடுப்பவர்கள் இதை நிபந்தனையாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் அந்தக் கவின்கலைக் கல்லூரியை ஒரு தனியார் பள்ளியாகத் தொடங்கியது நம் பிராட்வேயில்தான். அரசு எடுத்துக்கொண்ட பிறகு அது பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போயிற்று. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்று, நான் நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் படம் பார்க்க அழைத்துப்போன இடமெல்லாம் தெற்கேதான் இருக்கிறது. நம் பக்கத்துக் கதையை நாமே பார்க்க முடியாமல் வெளிநாட்டில் வைப்பதை என்னால் முழு மனத்தோடு கொண்டாட முடியவில்லை.

பெரம்பூர் வாசகி

மாஸ்டர் அவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நிபந்தனை என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பியனாலே என்ற கலைக் கண்காட்சியையும் கலைச் சந்தையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசினால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்துவிடுவோம். 2012இல் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பியனாலேயில் படைப்புகளைப் பார்க்க வைக்கிறார்கள். விற்பனை அதன் நோக்கம் அல்ல. 1970இல் பாசல் நகரத்துக் கேலரிக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய ஆர்ட் பாசலோ, 2008இல் டெல்லியில் தொடங்கிய இந்தியக் கலைச் சந்தையோ பெயருக்கேற்ற சந்தைகள். அங்கே பெரும்பாலும் கேலரிதான் விண்ணப்பிக்கும், கேலரிதான் ஸ்டாலுக்கு வாடகை கட்டும். கலைஞர் தனியாகப் போய் ஆர்ட் பாசலில் ஓர் இடம் பிடித்துவிட முடியாது. விற்றால் பொதுவாகப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். விற்காவிட்டால் வாடகையும் சரக்குக் கூலியும் கேலரியின் தலையில் விழும்.

நல்கை என்பது படைப்பைச் செய்து முடிக்கக் கொடுக்கும் பணம். அதை வைத்து அடுத்த இரண்டு வருடம் சாப்பிட முடியாது. கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு பிளெக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்களை எங்கள் தெருவிலேயே மூன்று பேரைக் காட்டுவேன். அவர்களில் ஒருவர் என் அண்ணன். இந்தப் பெண்ணுக்கு ஒரு வாசல் திறந்திருக்கும்போது, முதலில் ஊருக்குக் காட்டு, பிறகு போ என்று நாமே குறுக்கே நிற்பது சரியில்லை. சந்தைக்குத் தேதி உண்டு. நாம் ஒரு வாரம் கேட்டால் அவர் ஒரு வருடத்தை இழப்பார்.

மண்ணடி கிளியரிங்

சரக்கை அனுப்பியது எங்கள் அலுவலகம் என்பதால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். போனது மூன்று அல்ல, இரண்டு. மரப்பெட்டி இரண்டும் வெப்பமூட்டிப் பதப்படுத்திய பலகையில் அடித்தவை. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும், அதற்கான முத்திரை பலகையில் இல்லையென்றால் பல நாடுகளில் பெட்டியை இறக்கவே விடமாட்டார்கள். கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருள் என்றால் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு வழங்கும் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணத்தில் அனுப்புவோம். அதன் ஆயுள் ஒரு வருடம், அதற்குள் பொருள் திரும்பி வந்தாக வேண்டும். இதை நாங்கள் கார்னெட்டில் அனுப்பவில்லை. விற்கப் போகும் பொருள் என்பதால் முறையான ஏற்றுமதியாகவே அனுப்பச் சொன்னார்கள். ஆகவே மாஸ்டர் சார், அவை திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊறிய வலையை விமானத்தில் ஏற்ற முடியாது என்று சரக்குப் பிரிவில் மறுத்துவிட்டார்கள். தீப்பற்றும் பொருள் என்ற சந்தேகம் வந்தால் யாரும் கையொப்பம் போடமாட்டார்கள். அதனால் பெட்டியில் அடைப்பதற்கு முன் இரண்டையும் கழுவினார்கள்.

ராயபுரம் டிராயிங் மாஸ்டர்

கழுவினார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்த வலையின் பொருளே அந்த எண்ணெய்தானே.

வாசகி அவர்களுக்கு ஒரு பதில். வெளிநாட்டுக்குப் போவதும் சொந்த ஊரில் வைப்பதும் ஒன்றுக்கொன்று பகை என்று நான் சொல்லவில்லை. திரைப்படக் கலைஞர் அமர் கன்வர் ஒடிசாவில் நிலம் பறிபோன மக்களோடு பல ஆண்டுகள் பழகி உருவாக்கிய பெரும் படைப்பு, 2012இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கலைக் கண்காட்சியிலும் இருந்தது, அதே ஆண்டில் புவனேசுவரத்தில் நீண்டகாலக் காட்சியாகவும் திறக்கப்பட்டது. அந்த மக்கள் வந்து பார்த்தார்கள். தங்களிடம் இருந்த சான்றுகளையும் அதில் சேர்த்தார்கள். காசெலில் இருந்தது குறைந்ததும் அல்ல, புவனேசுவரத்தில் இருந்தது நகலும் அல்ல. நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலத்தை அமைத்தவர்கள் பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுப் பிழைத்துக்கொண்டு, ஓவியத்தைத் தங்கள் விருப்பப்படி செய்தார்கள். வயிற்றுக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என்று அவர்கள் பிரித்துவைத்ததில் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பெரம்பூர் வாசகி

கன்வர் ஏற்கெனவே நிலைபெற்ற கலைஞர். டாக்குமெண்டா சந்தையும் அல்ல. சோழமண்டலத்தார் ஒரு கூட்டமாக இருந்தார்கள், சேர்ந்து நிலம் வாங்கினார்கள். இவர் குப்பத்திலிருந்து வந்த ஒற்றைப் பெண். இரண்டு ஒப்பீடும் இவருக்குப் பொருந்தவில்லை. அவரே இங்கே எழுதினால் நல்லது.

முகத்துவாரம்

அந்தப் பெண் நான்தான். வணக்கம் மாஸ்டர்.

ஊரில் வைக்க நான் முயலவில்லை என்று நீங்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சமுதாயக் கூடத்தில் கேட்டேன். தரையில் எண்ணெய் படும், அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கழுவித் தருவது என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு பள்ளியில் கேட்டேன். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றார்கள், அதுவும் உண்மைதான். நல்கைப் பணம் மூன்று தவணையாக வந்தது. கொட்டகை வாடகை, இரும்புச் சட்டம், வெல்டிங், டாடா ஏஸ் வண்டி என்று அத்தனையும் அதிலேயே போயிற்று. என் கைக்கு என்று ஒரு ரூபாய் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கேலரி வந்தபோது எனக்கு ஐந்து மாத வாடகை பாக்கி இருந்தது.

கழுவியதைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம், பிறகு சோப்புத்தூள் போட்டு நான்கு முறை அலசினோம். வெள்ளை நைலான் தேநீர் நிறத்துக்கு வந்தது. ஆனால் வலைக்கண் ஒவ்வொன்றின் முடிச்சுக்குள்ளும் இறுகிக் கிடந்த கறுப்பு போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பழுப்பு வலை. கிட்டே வந்தால் பத்தாயிரக்கணக்கில் கறுப்புப் புள்ளிகள். அதைப் பார்த்தபோது படைப்பு சாகவில்லை, வேறொன்றாக மாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அப்போதுதான் மூன்றாவதை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். அது கழுவப்படாமல் எங்கள் மொட்டைமாடியில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. வெயில் ஏறினால் நாற்றத்தில் அம்மாவால் துணி உலர்த்த முடியவில்லை.

நிபந்தனை போடச் சொல்கிறீர்கள், மாஸ்டர். நிபந்தனையோடு இடமும் கொடுக்கச் சொல்லுங்கள். இடம் இல்லாத ஊரில் நிபந்தனை மட்டும் இருந்தால், எங்களைப் போன்றவர்களுக்கு நல்கை கிடைப்பதே நின்றுவிடும்.

ராயபுரம் டிராயிங் மாஸ்டர்

இந்தக் கடைசிப் பத்தியை நான் ஒப்புக்கொள்கிறேன். விசாரிக்காமல் எழுதியது என் தவறு. இடத்தோடு சேர்ந்த நிபந்தனை என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன், நிபந்தனையையே கைவிடவில்லை.

வலைக்காரர் மகள், காட்டுக்குப்பம்

நான் இதையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். கேலரிக்காரர்கள் வெளியிட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்து வலையின் கீழ்மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு நீல நூலில் பொத்தல் அடைத்திருக்கிறது. அது என் அப்பா அடைத்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று வீட்டில் இருந்த நீல நூலில் முடித்தார். அது எங்கள் வலை.

அந்த எண்ணெய் வந்தபோது முதல் சில நாட்கள் எங்கள் ஆட்கள்தான் வாளியும் கையுமாக அதை அள்ளினார்கள். குடும்பத்துக்கு 12,500 ரூபாயும் படகுக்கு 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தார்கள். அந்த மாதங்களில் அப்பா தொழிலுக்குப் போகவில்லை. முகத்துவாரம் தங்கச்சி வந்து கேட்டபோது, நம் ஊர்ப் பிள்ளை ஏதோ செய்கிறது என்று வலையை அப்படியே கொடுத்தார், காசு கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

படத்துக்குக் கீழே விவரக் குறிப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்டெடுத்த மீன்வலை, எண்ணெய், ஈயக்குண்டு, இரும்பு என்று போட்டிருக்கிறதாம். எங்கே கண்டெடுத்தார்கள்? கரையில் கிடந்ததா? ஒரு மனிதர் கையில் எடுத்துக் கொடுத்த வலை அது. எங்கே முதலில் வைக்க வேண்டும் என்று நீங்கள் பேசுவதைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

பெரம்பூர் வாசகி

அக்கா சொல்வது சரி என்று மனம் உடனே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்று ஒரு பிரிவு உண்டு. 10,000 ரூபாய்க்கு மேல் ஓர் ஓவியமோ சிற்பமோ மறுபடி விற்கப்பட்டால், அதைப் படைத்தவருக்கு அந்த விலையில் அதிகபட்சம் 10 விழுக்காடு வரை பங்கு உண்டு என்று அது சொல்கிறது. கலைஞருக்குச் சட்டம் அந்த அளவாவது நினைத்துப் பார்த்திருக்கிறது. பொருளைக் கொடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் கண்டெடுத்த பொருள் என்பது கலைத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல். தங்கச்சி வேண்டுமென்றே மறைத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வலைக்காரர் மகள், காட்டுக்குப்பம்

மறைத்ததாக நான் சொல்லவில்லை. தவறாக எழுதியிருக்கிறது என்கிறேன்.

முகத்துவாரம்

அக்கா, தவறுதான். அந்தக் குறிப்பைக் கேலரி எழுதி அனுப்பியது, நான் படித்துவிட்டுச் சரி என்று சொன்னேன். கல்லூரியில் பழகிய சொல் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. சற்று முன் அவர்களுக்கு எழுதிவிட்டேன்: காட்டுக்குப்பம் மீனவர்கள் கொடுத்த வலை என்று மாற்ற வேண்டும், ஸ்டாலிலும் விற்பனைத் தாளிலும் அப்படியே இருக்க வேண்டும். அப்பா பெயரைப் போடலாமா என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். விற்றால் என் பாதியில் புது வலைக்கான நூலும் மிதவையும் வாங்கித் தருவேன். இதை உதவியாக நினைக்க வேண்டாம், அது உங்களுக்குச் சேர வேண்டியது.

மூன்றாவது வலையிலும் உங்கள் தெருவினர் வலை இருக்கலாம். வந்து பாருங்கள்.

மண்ணடி கிளியரிங்

மாடியிலிருந்து அதை இறக்க நான்கு பேர் வேண்டும், இரும்புச் சட்டம் கனமானது. வண்டியும் ஆட்களும் என் பொறுப்பு. எங்கே இறக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வலைக்காரர் மகள், காட்டுக்குப்பம்

எங்கள் வலை பின்னும் கொட்டகையில் இறக்குங்கள். அங்கே தரை மணல்தான், எண்ணெய் சொட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிறு வேண்டாம், அன்றுதான் வியாபாரம். பெயரைப் பற்றி அப்பாவைக் கேட்டேன். முதலில் வலையைப் பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்கிறார்.