மறு: இக்னிஷன் டைமிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> ‘பற்றவைப்பு நேரம்’ எல்லோருக்கும் புரிகிறதே. இதற்கு மேல் என்ன தேடல்?

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி எப்போது விழுகிறது என்பதைத்தான் இக்னிஷன் டைமிங் என்கிறோம். கார்ப்புரேட்டர் காலத்துக் கார்களின் பழுதுகளைப் பற்றி ஒரு கையேடு எழுதிவருகிறேன். அதில் ‘பற்றவைப்பு நேரம் கூடிவிட்டால்’ என்று ஒரு வரி. படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: கூடினால் பொறி சீக்கிரம் விழுமா, தாமதமாக விழுமா? என்னிடம் விடை இருந்தது, சொல்லில் இல்லை.

டைமிங் என்பது பெயரளவில்தான். பிஸ்டன் உச்சியைத் தொட, அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு இன்னும் எத்தனை பாகை சுழல வேண்டியிருக்கையில் பொறி விழுகிறது என்பதே கணக்கு. கலவை எரியச் சில மில்லிவினாடிகள் ஆகும். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு மில்லிவினாடியில் 5 பாகைகூடத் திரும்பாது. 3000 சுற்றில் 18 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் ஏற ஏறப் பொறி முன்னதாக விழ வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறிக்கான மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து அந்த வேலையைத்தான் செய்கின்றன. எரிய ஆகும் நேரம் பெரிதாக மாறுவதில்லை, பாகைதான் தாவுகிறது. பிறகு பெயரில் நேரம் எதற்கு?

‘பொறிக்கோணம்’ என்ற பரிந்துரையை முதலில் விரும்பினேன். ஆனால் பொறி என்றால் தீப்பொறியும் உண்டு, இயந்திரமும் உண்டு, எலிப்பொறியும் உண்டு. எஞ்சினைப் பற்றிய நூலில் இந்தக் குழப்பம் தாங்காது. ‘மூட்டுக்கோணம்’ முழங்கால் மருத்துவருக்கே இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘முந்துபாகை’. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. உச்சிக்கு எத்தனை பாகை முந்திப் பொறி விழுகிறது என்ற அளவு சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அட்வான்ஸ் (முந்துதல்) என்ற சொல்லை அளவுக்கும் சொல்கிறோம், பழுதுக்கும் சொல்கிறோம். 10 பாகை இருக்க வேண்டிய எஞ்சினில் 4 பாகை இருந்தால், பொறி உச்சிக்கு முந்தியே விழுகிறது. ஆனாலும் பழுது பார்ப்பவர் ‘ரிடார்டு’, அதாவது பிந்திவிட்டது, என்பார். புதிதாகக் கற்பவர் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்கிறார். எனவே அளவுக்கு முந்துபாகை. பழுதுக்கு மிகைமுந்தல், குறைமுந்தல்.

இந்தப் பிரிவினை எனக்கு அனுபவத்தில் வந்தது. என் பழைய கார் காலையில் உடனே கிளம்பும். ஓடிச் சூடான பின் அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் யாரோ எதிரே உதைத்ததுபோல் திணறி நிற்கும். பேட்டரியை மாற்றினேன். ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தேன். குற்றவாளி நான்தான்! டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பு பாயிண்ட்; அது திறக்கும்போதுதான் பொறி விழும். புதிய பாயிண்டைப் பொருத்தியபோது 0.4 மில்லிமீட்டருக்குப் பதிலாக இடைவெளியை அகலமாக விட்டுவிட்டேன். இடைவெளி அகன்றால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், பொறியும் முந்தும். ஏறிவரும் பிஸ்டனை எரிந்து விரியும் வாயு எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. கையால் சுழற்றிக் கிளப்பிய நாள்களில், கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காதே என்று எச்சரித்ததற்கும் இதுவே காரணம்.

குறைமுந்தலின் குணம் வேறு. வெகுநேரம் சுழன்ற பின்தான் எஞ்சின் பிடிக்கும், இழுவை மந்தமாகும், சூடு ஏறும்.

-----

மறுமொழி:

ஐயா, முந்துபாகை நன்று. இரண்டு ஐயங்கள். 1970களில் புகையைக் குறைப்பதற்காக, ஐடிலிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுகையில்) உச்சி தாண்டிய பின் பொறி விழும்படி அமைத்த எஞ்சின்களும் வந்தன. அங்கே ‘முந்து’ எப்படிப் பொருந்தும்? டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. நீங்கள் சொல்வது எந்தப் பாகை?

-----

மறுமொழி:

முதல் ஐயத்துக்குப் ‘பிந்துபாகை’ என்று வைத்துக்கொள்ளலாம். பிந்துபாகை பழுதன்று, அதுவும் ஓர் அளவே. இரண்டாவது, நான் கவனிக்காமல் விட்டது. டிஸ்ட்ரிபியூட்டரை 1 பாகை திருப்பினால் கிராங்கில் 2 பாகை நகரும். முந்துபாகை என்றால் கிராங்க் பாகைதான் என்று கையேட்டின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை இப்போதைக்குத் தொடப்போவதில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டிய பொருள்கள் அவை.

நண்பர் மடக்கிய வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘பேட்டரி நன்றாக இருந்தும் சூடான எஞ்சினில் ஸ்டார்ட்டர் திணறினால் மிகைமுந்தலைச் சந்தேகியுங்கள். முதலில் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் முந்துபாகையைப் பாருங்கள்.’