ப்ரிசர்வேட்டிவ் இல்லாத கண் சொட்டு மருந்து: குட்டிக் குப்பியா, பாட்டிலா?

வணக்கம். அம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்கு ஏற்கெனவே ராத்திரி ஒரு சொட்டு மருந்து போகிறது. இப்போது கண் வறட்சிக்கு, தினம் 6 முறை செயற்கைக் கண்ணீரும் விடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இத்தனை முறை விடுவதால் பென்சால்கோனியம் குளோரைடு என்ற ப்ரிசர்வேட்டிவ் (மருந்தில் கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது) சேர்க்காததாக வாங்குங்கள், அதுவே கண்ணை உறுத்தும் என்றார்.

மெடிக்கலில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று, பட்டையாக ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் குப்பிகள். ஒன்றில் அரை மில்லிகூட இருக்காது. திறந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். அம்மாவுக்கு மனசு வருமா? திருகிய மூடியையே தலைகீழாகச் செருகி ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடுகிறார். மூட்டுவலி விரல்களால் திருகுவதும் சிரமம். இன்னொன்று, காற்றும் கிருமியும் உள்ளே போகாதபடி வால்வு வைத்த பாட்டில். விலை அதிகம், அழுத்தவும் கொஞ்சம் கெட்டி.

2023இல் அமெரிக்காவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டதும் ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்துதான். பார்வை போனவர்களும் உண்டு. அதனால் சாதாரண பாட்டிலில் வருவதை நம்பி வாங்கப் பயமாக இருக்கிறது.

வால்வு பாட்டில் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்: வயதானவர்கள் தனியாக அழுத்த முடிகிறதா? ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது? கண் அழுத்த மருந்துக்கும் செயற்கைக் கண்ணீருக்கும் குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விடுகிறோம். எதை முதலில் விடச் சொன்னார்கள் உங்களுக்கு? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். அடுத்த முறை பார்க்க இன்னும் நாளிருக்கிறது.